முப்பத்தொரு ஆணி

1

நேற்று காலை எங்கள் ஃபோர்மேன் நசீர் பாய் ஒரு சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். கடலோரத்தில் ஒரு வில்லா. இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், அடுத்தவர்கள் பத்து நாளில் வருகிறார்கள். "ஆணியைப் பிடுங்கு, ஓட்டையை அடை, வெள்ளை அடி" என்றார் இந்தியில். நான் மஸ்கட்டுக்கு வந்த முதல் நாளும் இதையேதான் சொன்னார். அப்போது அவர் தாடி கறுப்பு. "இன்றோடு எனக்கு இங்கே இருபது வருடம் பாய்" என்றேன். தாடியைத் தடவிக்கொண்டார். "அப்படியானால் இரண்டு கோட் அடி" என்றார்.

என் வேலை இதுதான். ஒரு வீட்டில் ஆட்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கான சாட்சிகளை ஒன்றுவிடாமல் அழிப்பது. குழந்தை கிறுக்கிய சுவர், எண்ணெய் தெறித்த அடுப்பங்கரை, கோபத்தில் யாரோ அறைந்து சாத்திய கதவு, எல்லாமே ஒரு வாரத்தில் காணாமல் போகும். அடுத்து வருபவர்கள் உள்ளே நுழைந்ததும், இந்த வீட்டை உலகத்திலேயே முதலில் பார்ப்பவர்கள் தாங்கள்தான் என்று நினைக்க வேண்டும். அப்படி நினைக்க வைப்பதில் எங்கள் கம்பெனியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவனுக்குச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

இந்தக் கோடையில் ஊருக்குப் போனபோது, இதே கைவேலையை என் சொந்த வீட்டிலும் காட்டினேன். அதனால் என்ன ஆனது என்பதை நேற்று குறடும் கையுமாக நிற்கும்போது நினைத்துச் சிரித்தேன். ஊரில் இருப்பவர்கள் படித்தால் இன்னும் அதிகமாகச் சிரிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

2

என் வீடு சித்தூர் ஜில்லாவில், வெதுருகுப்பம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. இருந்தது என்று எழுத வேண்டும். எங்கள் நைனாவுக்கு நிலம் கிடையாது, வீடும் கிடையாது. மற்றவர்களின் கரும்பை வெட்டி, மற்றவர்களின் கொட்டகையில் படுத்தார். நான் குப்பம் ஊரில் கருங்கல் குவாரியில் கல் உடைத்தேன், சித்தூரில் லாரி கழுவினேன், பெங்களூரில் ஒரு ஹோட்டலில் இட்லிமாவு ஆட்டினேன். எந்த வேலையிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை. கால் தானாகக் கிளம்பிவிடும். மஸ்கட்டில் மட்டும் இருபது வருடம் ஒட்டியதற்குக் காரணம், இங்கே வேலையே வீடு மாற்றி வீடு போவதுதான்.

மூன்று சென்ட் இடம் வாங்கி, ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு சுவர் என்று கட்டிய வீடு அது. கட்டி முடித்த பிறகு நான் அதில் தொடர்ந்து பத்து நாள் தங்கியது கிடையாது. ஒரு வாத்தியார் குடும்பம் வாடகைக்கு இருந்தது. போன வருடம் அவருக்கு இடமாற்றம் வந்து போய்விட்டார்கள். அதன் பிறகு ஆறு மாதம் பூட்டியே கிடந்தது.

விற்க முடிவெடுத்தது என் மகள் லாவண்யாவுக்காக. மஸ்கட்டில் பிறந்தவள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். திருப்பதியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே ஒரு ஃபிளாட் வாங்கி, என் மனைவி மஞ்சுளாவும் அவளும் தங்குவது, நான் மட்டும் திரும்பி வருவது என்று திட்டம். ஃபிளாட்காரர் மாதக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் ஊர் வீடு விற்றால்தான் ஃபிளாட். இல்லையென்றால் லாவண்யா ஹாஸ்டலுக்குப் போக வேண்டும்.

அவளிடம் கல்லூரியைப் பற்றிச் சொன்னபோது அவள் பாடம் என்ன, பஸ் உண்டா என்று எதையும் கேட்கவில்லை. "டாடி, அந்த ஃபிளாட் நம்மளதா, வாடகையா?" என்று ஒன்றுதான் கேட்டாள்.

"நம்மளது."

"அப்போ சரி. ஹாஸ்டல்னா நான் வரல."

ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். மஸ்கட்டில் நாங்கள் இதுவரை ஏழு வீடு மாறியிருக்கிறோம். ஒரு வீட்டுச் சுவரிலும் ஆணி அடித்ததில்லை. காலி செய்யும்போது ஓனர் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார். இரண்டாம் வகுப்பில் அவள் ஓர் ஒட்டகம் வரைந்து, டேப்பால் சுவரில் ஒட்டினாள். நான் டேப்பைப் பிரித்தபோது உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் உரிந்து வந்தது. ஓனர் பார்ப்பதற்குள் அதே நிறம் கலந்து பூசிவிட்டு, பிறகு அவளைத் திட்டினேன். தொழிலையும் காட்டினேன், கோபத்தையும் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் வரைந்ததெல்லாம் ஒரு பெட்டிக்குள் போனது. பெட்டி வீடு வீடாக எங்களோடு வந்தது.

3

விடுமுறை முப்பத்தைந்து நாள். மஞ்சுளாவும் லாவண்யாவும் திருப்பதியில் மஞ்சுளாவின் அக்கா வீட்டில் தங்கி, கல்லூரிச் சான்றிதழ்களுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். நான் மட்டும் ஊருக்குப் பஸ் ஏறினேன், கையில் பெயின்ட் உருளையோடு. பகலெல்லாம் வீட்டில் வேலை, இரவில் வெதுருகுப்பத்தில் ஒரு லாட்ஜில் படுக்கை.

விற்கப் போகிற வீட்டில் எதைச் செய்தால் பலன், எதைச் செய்தால் வீண் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஒழுகும் குழாயை மாற்று. வெளிச்சத்தைக் கூட்டு. நாற்றத்தைப் போக்கு. பழைய ஆள் விட்டுப்போன எதையும் வைக்காதே. இது அரண்மனைக்கும் பொருந்தும், மூன்று சென்ட் வீட்டுக்கும் பொருந்தும் என்று நம்பினேன்.

குழாய்களை மாற்றினேன், மஸ்கட்டிலிருந்து கொண்டுபோன நல்ல குழாய்கள். கூடம் நீலம், அறை பச்சை, சமையலறை ரோஸ் என்று இருந்ததை ஒரே வெள்ளையாக்கினேன். பின்சுவரில் கரையான் அரித்த ஒரு ஜன்னல் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பின்வீட்டுத் தனம்மாவின் எருமைக் கொட்டகை. நாற்றத்தைப் போக்கு என்பது விதி. ஜன்னலைப் பெயர்த்தபோது சுவரும் கொஞ்சம் கூடவே வந்தது. ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டை. செங்கல் வைத்து அடைத்து, புதிதாகப் பூசினேன்.

வாசல் நிலைப்படியில் வருடக்கணக்கான மஞ்சளும் குங்குமமும் அடுக்கடுக்காக ஏறிக் கிடந்தன. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து உப்புக் காகிதத்தால் தேய்த்தேன். உள்ளே தேக்கு மாதிரி ஒரு மரம் தெரிந்தது. வேம்புதான், ஆனால் வார்னிஷ் அடித்ததும் தேக்கு மாதிரியே நின்றது. சாமி படங்களைத் துணியில் சுற்றித் திருப்பதிக்கு அனுப்பினேன்.

கடைசியில் ஆணிகள். வாத்தியார் வீட்டம்மாள் ஆணி விஷயத்தில் தாராளமானவர். காலண்டருக்கு ஒன்று, முறத்துக்கு ஒன்று, குடைக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் உத்தரத்துக்குப் பக்கத்தில் ஒன்று. மொத்தம் முப்பத்தொன்று. எல்லாவற்றையும் பிடுங்கி, ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டேன். ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்தேன். கையால் தடவினாலும் எந்த இடம் என்று தெரியாது.

எட்டாவது நாள் மாலை, கதவைத் திறந்து வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். நசீர் பாய் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

4

தரகர் கோவிந்தன் ஆட்களைக் கூட்டிவந்தார். ஒரு வாரத்தில் ஆறு பார்ட்டி. எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உற்சாகமாகத்தான் உள்ளே வந்தார்கள். நிலைப்படியைப் பார்த்தார்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்தார்கள். பின்பக்கம் போய்ப் பூசிய இடத்தைப் பார்த்தார்கள். அதன் பிறகு குரல் இறங்கிவிடும். நான் ஜில்லென்று கூல்டிரிங்ஸ் எடுத்து நீட்டினால், "வேணாம்ணா, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்பார்கள். மே மாத வெயிலில் சித்தூரிலிருந்து பைக்கில் வந்தவர்கள் தண்ணீர்கூட வேண்டாம் என்றார்கள்.

இரண்டாவதாக வந்த ஒரு தெலுங்குப் பெரியவர் புறப்படும்போது என் தோளைத் தட்டி, "தைரியமா இரு நாயனா" என்றார். விலையைச் சொன்னதற்கா இந்த ஆறுதல் என்று குழம்பினேன்.

இதற்கு நடுவே கிராமச் சச்சிவாலயத்தில், அதாவது ஊர் ஆபீஸில், வீட்டு வரி பாக்கி இல்லை என்று சான்று வாங்க மூன்று நாள் அலைந்தேன். அங்கே இருந்த அம்மாள் "இந்த வீடு உங்களுதா?" என்று கேட்டால், இருபது வருடப் பழக்கத்தில் அரபியில் "ஐவா" என்றுவிடுவேன். அவர் பேனாவை நிறுத்தி, "ஐவா யாரு? அவங்களும் கையெழுத்துப் போடணும்" என்பார். ஆமாம் என்று அர்த்தம் என்று விளக்கினேன். மறுநாளும் ஐவா என்றேன். மூன்றாம் நாள் நான் படியேறும்போதே அந்த அம்மாள், "ஐவா வந்துட்டாரு, பைல எடு" என்றார்.

மாதக் கடைசிக்கு இன்னும் பதினைந்து நாள். தினமும் மாலையில் லாவண்யா போனில் கேட்பாள்: "டாடி, உங்க வீடு போயிடுச்சா?" வீட்டை அவள் எப்போதும் "உங்க வீடு" என்றுதான் சொல்வாள். "நாளைக்கு ஒருத்தர் வராங்கம்மா" என்பேன். அவளும் சரி என்பாள். அவள் சரி சொல்லும் விதத்திலேயே ஹாஸ்டல் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டாள் என்று தெரிந்தது.

5

ஏழாவது பார்ட்டி வாசலோடு திரும்பிய அன்று, தனம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து என் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். அறுபது வயதிருக்கும். ஊரில் யாருக்கும் பயப்படாதவள்.

"ஏன்டா முனிரத்தினம், கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காத. உன் வூட்ல யார்டா செத்தது?"

"யாரும் சாகலையே!"

"பின்ன எதுக்குடா அடைப்பு வூடு மாரி பண்ணி வெச்சிகீற?"

அடைப்பு என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அடைப்பு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம், ஆகாத நட்சத்திரத்தில் ஒருவர் வீட்டில் இறந்துவிட்டால், உடலை வாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். சுவரை உடைத்து அந்த வழியாக எடுத்து, பிறகு அடைப்பார்கள். வீட்டை ஆறு மாதம் பூட்டிப்போட்டுவிட்டு எங்காவது போய் இருப்பார்கள். தெலுங்கர்களும் இதையே பாடு பெட்டின வீடு என்பார்கள். கெடு முடிந்த பிறகு வெள்ளையடித்து, கழுவித் துடைத்துத்தான் திரும்ப நுழைவார்கள். அது வரையில் அந்த வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

தனம்மா விரல்விட்டு எண்ணினாள். "ஆறு மாசம் பூட்டினு கெடந்தது. வந்த, பின்சுவத்த ஒடச்சி அடச்ச. வாசப்படி மஞ்ச எல்லாம் சொரண்டிட்ட. சாமி படம் இல்ல. பொம்பள இல்ல. செவுத்துல ஒரு ஆணி கூட இல்ல. பாக்கறவன் இன்னாடா நெனப்பான்?"

"நாத்தம் வருதுன்னு ஜன்னல அடச்சேன் தனம்மா."

"என் எருமை நாறுதா? அந்த ஜன்னல் வழியாத்தான்டா வாத்தியார் பொண்டாட்டிக்குத் தயிர் குடுத்துகினு இருந்தேன். உன் வாசனைக்குத் தயிரும் போச்சி, வூடும் போச்சி."

உடனே கோவிந்தனைக் கூப்பிட்டேன். வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

"நானும் அதான்ணா நெனச்சேன். கேட்டா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு கேக்கல."

"நீயுமா?"

"ஆனா நான் வுடலண்ணா. வர்ற ஆள் எல்லார்கிட்டயும், 'பயப்படாதீங்க, சாந்தி ஓமம் எல்லாம் சுத்தமா பண்ணிட்டாங்க'ன்னு சொல்லித்தான் இஸ்துகினு வந்தேன்."

தனம்மா சிரித்த சிரிப்பில் எருமை திரும்பிப் பார்த்தது.

6

"நான் போய் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வரட்டுமா, யாரும் சாகவில்லை என்று?" என்று கேட்டேன். தனம்மா கையை ஆட்டினாள்.

"நீ எத்தினி வாட்டி இல்லன்னு சொல்றியோ, அத்தினி பேர் செத்ததா நெனப்பாங்க. பொண்டாட்டி புள்ளய கூட்டிகினு வந்து உள்ள இரு. ஆக்கு, துன்னு, சண்ட போடு. அத்த பாத்தா தானா தெரியும்."

மறுநாளே மஞ்சுளாவும் லாவண்யாவும் வந்து இறங்கினார்கள். மஞ்சுளா நிலைப்படியைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல பொறந்தவன்தானே நீ? மஞ்சள சொரண்டுவாங்களா யாராவது? எனக்கு ஒரு போன் பண்ணி இருக்கக் கூடாதா?"

முதல் வேலையாகப் பால் காய்ச்சுகிறேன் என்று கிளம்பினாள். தனம்மா ஓடிவந்து பாத்திரத்தைப் பிடுங்கினாள். "பால் காச்சினா, அடைப்பு முடிஞ்சி இன்னிக்குத்தான் குடி வராங்கன்னு ஆயிடும்டி. கருவாடு வறு."

கருவாடு வறுத்தோம். நாற்றத்தைப் போக்கு என்ற என் விதி நான்கு தெரு தாண்டிப் போனது. மஞ்சுளா நிலைப்படிக்கு மஞ்சள் பூசினாள். ஈரத்துணியை வாசலிலேயே கொடி கட்டி உலர்த்தினாள். சாமி படங்கள் திரும்பி வந்தன. மாட்டத்தான் ஆணி இல்லை.

டப்பாவைத் திறந்தேன். புதிய இடத்தில் அடித்தால் புதிதாகத் தெரியும், பழைய ஓட்டையிலேயே அடிக்க வேண்டும் என்றாள் மஞ்சுளா. அப்போதுதான் என் பட்டி வேலை எவ்வளவு சுத்தம் என்று எனக்கே தெரிந்தது. ஓட்டைகளைக் காணவில்லை. லாவண்யா போன் விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, நிழலில் மேடு பள்ளம் பார்த்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். "டாடி, இங்க ஒண்ணு இருக்கு." நான் அடிப்பேன். "இங்க ஒண்ணு." இரண்டு நாள் இப்படியே போனது. வந்த அன்று வைஃபை இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள், இதில் இறங்கியதும் சாப்பிடக்கூட வரவில்லை. முப்பது ஓட்டை கிடைத்தது. முப்பத்தொன்றாவது கிடைக்கவே இல்லை.

"அத நான் வெச்சுக்கட்டுமா?" என்றாள். வெச்சுக்கோ என்றேன்.

அந்த வீட்டில் அப்படிப் பத்து நாள் இருந்தோம். என் வீட்டில் நான் தொடர்ந்து இருந்த மிக நீண்ட காலம் அது. மழைக்காற்றுக்கு மேற்கு ஜன்னல் அடித்துக்கொள்கிறது என்றும், விடியலில் சமையலறைக்குள் ஒரு கீற்று வெயில் வருகிறது என்றும் கட்டியவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கால் கிளம்பவில்லை. கிளம்பும் முன் மாதம் முடிந்துவிடும் என்ற பயம் அதைக் கட்டிப்போட்டிருந்தது என்றும் சொல்லலாம்.

7

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோவிந்தன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தம்பதியைக் கூட்டிவந்துவிட்டார். ரமணய்யா பஸ் கண்டக்டர். அவர் மனைவி சுகுணா, நாராயணவனத்துப் பெண். வீடு இருந்த நிலையைச் சொல்கிறேன். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு. கூடத்தில் பாய் சுருட்டவில்லை. குளியலறைக்குள் லாவண்யா, வெளியே கதவைத் தட்டிக்கொண்டு மஞ்சுளா. "அரைமணி நேரமா தண்ணிய ஊத்திகினு கீறியே, தொட்டி காலியாவது!" என் தொழிலில் இப்படி ஒரு வீட்டைக் காட்டினால் வேலை போய்விடும்.

சுகுணா நேராகப் பின்சுவருக்குப் போனார். பூச்சை விரலால் தட்டினார். இந்த ஊர்வம்பு அவர் காதுக்கும் போயிருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. நானும் கோவிந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கோவிந்தன் வாயைத் திறக்கப் போனார். ஓமம் என்று சொல்லிவிடப் போகிறார் என்று அவர் காலை மிதித்தேன்.

தலையில் துண்டோடு லாவண்யா வெளியே வந்தாள். சுகுணா என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார்.

"ஏம்மா, இந்தச் செவுத்த எதுக்கு ஒடச்சீங்க?"

லாவண்யாவுக்கு அந்தக் கேள்விக்குள் இருந்தது ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் யோசித்திருப்பாள். அவள் மனதில் இருந்ததைச் சொன்னாள்.

"டாடி அப்படித்தான் ஆண்ட்டி. ஒரு இடத்துல சும்மா இருக்க மாட்டார். எங்க போனாலும் எதையாவது ஒடைப்பார், அடைப்பார், வெள்ளை அடிப்பார். மஸ்கட்ல ஏழு வீடு மாறினோம். ஒரு வீட்ல கூட என்ன ஒரு படம் மாட்ட விட்டதில்ல. இங்க வந்து முப்பத்தொரு ஆணியையும் புடுங்கிட்டார். அப்புறம் நானும் அவருமா ரெண்டு நாள் ஓட்டை தேடித் திரும்ப அடிச்சோம். கேளுங்க, அம்மா சொல்லுவாங்க."

மஞ்சுளா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "புடுங்கினது மட்டுமா? வாசப்படி மஞ்சளயும் சொரண்டி, தேக்கு தேக்குன்னு காட்டிகினு கீறாரு. வேப்ப மரம்மா அது!"

சுகுணா என்னை மேலும் கீழும் பார்த்தார். வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"எங்க வூட்டுக்காரரும் இதே மாரிதான். போன வருசம் கொல்லைல நல்லா இருந்த படியை இடிச்சிட்டு, இன்னும் கட்டல."

ரமணய்யா மேற்கூரையைப் பார்த்தார்.

"அது கருவாடா?" என்று கேட்டார் சுகுணா.

"வஞ்சிரம். வாங்க, துன்னுட்டுப் போலாம்" என்றாள் மஞ்சுளா.

இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். சுகுணா தண்ணீர்ச் செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். கோவிந்தன் என் கையை இறுக்கிப் பிடித்தார். செம்பில் பாதி காலியாகும் வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே சுகுணா திட்டம் சொன்னார். "இந்த வெள்ள ஆஸ்பத்திரி மாரி கீது. கூடத்துக்குக் கிளிப்பச்ச அடிக்கணும். அந்தப் பின்பக்கத்துல ஒரு ஜன்னல் வைக்கணும், எருமை வெச்சிருக்கிற அம்மா தயிர் குடுப்பாங்களாமே. வாசப்படிக்கு அந்த எண்ணெ மாரி பூசினத எடுத்துடணும்." குழாயைத் திருகிப் பார்த்தார். "குழாய் நல்லா கீது. அது இருக்கட்டும்."

நான் எட்டு நாள் பாடுபட்டதில் தப்பியது குழாய்.

8

பதிவு அலுவலகத்தில் இன்னொரு கண்டம் காத்திருந்தது. என் கட்டைவிரல். கருங்கல்லும் சிமெண்டும் உப்புக் காகிதமும் தேய்த்த விரலில் ரேகை இல்லை. இயந்திரத்தில் வைத்தேன். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. பத்து விரலையும் வைத்தாகிவிட்டது. அந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை நான் பிறக்கவே இல்லை. பின்னால் வரிசை நீண்டது. அன்றைக்கு மாதத்தின் கடைசி வேலைநாள். லாவண்யா என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சிவப்புக்கும் உதட்டைக் கடித்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "அங்கிள், வேலு தலக்கு ருத்தண்டி" என்றாள் தெலுங்கில், தலைமுடியில் விரலைத் தேய்க்கிற மாதிரி செய்து காட்டி. தலையில் எண்ணெய்ப் பசை இருந்தால் ரேகை படியுமாம். நான் தலையைத் தடவினேன். அங்கே முடி என்று எதுவும் இருந்து பத்து வருடம் ஆகிறது.

ரமணய்யா முன்னால் வந்து குனிந்தார். "என் தலைல தேய்ங்கண்ணா. காலையிலதான் தேங்கா எண்ணெ வெச்சேன். டூட்டிக்கு வைக்கறதுதான்."

அலுவலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, விற்கிறவன் வாங்குகிறவரின் தலையில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தான். இயந்திரத்தில் வைத்தேன். பச்சை.

"வீடு குடுத்துட்டு ஆசீர்வாதமும் பண்றாரு" என்றார் சுகுணா. லாவண்யா அப்போதுதான் உதட்டை விட்டாள்.

9

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் நேற்று கடலோர வில்லாவில் நின்றேன். கூடத்தில் சாமான் கிடையாது. இருமினால் நான்கு பக்கமும் இருமுகிறது. ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டே வந்து, சமையலறைப் பக்கம் திரும்பும்போது போன் அடித்தது. லாவண்யா, வீடியோவில். திருப்பதி ஃபிளாட்டுக்கு அவர்கள் குடிபோய் ஒரு வாரம் ஆகிறது. அவள் ஒரு கையில் சப்பாத்திக் கட்டை. இன்னொரு கையில் ஆணி. துருவைப் பார்த்ததுமே தெரிந்தது, முப்பத்தொன்றாவது.

"டாடி, எந்த இடத்துல அடிக்கிறது?"

"உனக்கு எங்க வேணுமோ அங்க."

"அளவு பாக்க வேணாமா? நீங்க எப்பவும் அளவு பாப்பீங்களே."

"வேணாம்."

"இன்னா மாட்டப் போறடி?" என்று பின்னாலிருந்து மஞ்சுளாவின் குரல் கேட்டது.

"மாட்டுறத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ஆணி."

போனை எதன் மீதோ சாய்த்து வைத்தாள். ஆணியைச் சுவரில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு போடு போட்டாள். ஆணி தெறித்தது. தேடி எடுத்தாள். விரலை வாயில் வைத்துச் சப்பினாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அடி, மெதுவாக ஆரம்பி என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினாள்.

"டாடி, சத்தம் ரொம்ப வருது. கீழ் வீட்டுக்காரங்க வந்து கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"என்ன சொல்றது?"

"எங்க வீட்ல ஆணி அடிக்கிறோம்னு சொல்லு."

ஒரு நொடி போனைப் பார்த்தாள். பிறகு திரும்பி அடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வோர் அடியும் இந்தக் காலி வில்லாவில் அறைக்கு அறை எதிரொலித்தது. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் ஆணி பாக்கி இருந்தது, குறடும் என் கையில் இருந்தது. அவள் அடித்து முடிக்கும்வரை நான் எதையும் பிடுங்கவில்லை.